டைனோசரா, இல்லையா? இடுப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி என்று மூன்று எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அமெரிக்காவின் வையோமிங்கில் கிடைத்தவை. வயது சுமார் 15 கோடி ஆண்டு. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் தலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். வகை அறிய வேண்டுமானால் பின்னங்காலிடம் கூட்டிப்போங்கள்.

முதலில், தொடை எலும்பு மாட்டியிருக்கும் இடுப்புக்குழி. ஓணானுக்கு அது மூடிய கிண்ணம். டைனோசருக்கு அடியில்லாத ஓட்டை. கவசம் பூண்ட அங்கிலோசார்களுக்கு மட்டும் அந்த ஓட்டை பிற்காலத்தில் அடைபட்டுவிட்டது. வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் கால் மறைக்கும். குனிந்து எதிர்க்காலின் உட்புறத்தைப் பாருங்கள். வீட்டிலேயே பழகலாம்: முழுக்கோழியை வேகவைத்துத் தொடையைத் திருகி எடுங்கள். குழிக்குள் பல்குச்சியை விட்டால் மறுபக்கம் வரும். ஆமாம், கோழியும் டைனோசர்தான்.

அடுத்து, குழிக்குக் கீழே இறங்கும் இரண்டு எலும்புகள். ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் போனால் பல்லி இடுப்பு, அதாவது சாரிஸ்கியா. இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் பறவை இடுப்பு, ஆர்னிதிஸ்கியா. 1887இல் தொல்லுயிரியலாளர் ஹாரி சீலி பிரித்த பிரிவு இது. பெயரில்தான் வம்பு: பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்திலிருந்து! அவற்றின் முன்னெலும்பு பிற்காலத்தில் தனியாகப் பின்னோக்கித் திரும்பிக்கொண்டது. ஆகவே கோழியை வைத்து இந்தப் படியைப் பழகாதீர்கள்.

அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்றும் பல்லி இடுப்பு. நான்கு கால், நீண்ட கழுத்து என்பதால் சாரோபோடு. வாயின் முன்புறத்தில் மட்டும் பென்சில் போன்ற பற்கள், நுனியில் சாட்டையாக மெலியும் வால் என்பதால் டிப்ளோடோசிடே குடும்பம். நடுவாலின் அடியில் தொங்கும் சிற்றெலும்புகள் முன்னும் பின்னும் நீண்டு சறுக்குக்கட்டை போல இருக்கும். 'இரட்டை உத்திரம்' என்று பொருள்படும் டிப்ளோடோகஸ் என்ற பேரினப் பெயரைத் தொல்லுயிரியலாளர் மார்ஷ் 1878இல் வைத்தது இதைப் பார்த்துத்தான்.

தலையை மட்டும் நம்பாதீர்கள். சாரோபோடுகளின் மண்டையோடு கழுத்திலிருந்து எளிதில் கழன்று தொலைந்துவிடும். அமெரிக்காவின் கார்னகி அரும்பொருளகத்தில் அபடோசாரஸ் என்ற சாரோபோடு பல்லாண்டு வேறொன்றின் தலையோடு நின்றது, 1979இல்தான் மாற்றினார்கள்.

பள்ளித் திட்டவேலையில் குடும்பத்தோடு நிறுத்துங்கள். அரும்பொருளகமே இவற்றை டிப்ளோடோசிட் என்றுதான் சொல்கிறது. பேரினப் பெயர் எழுத நேர்ந்தால், கையெழுத்தில் அடிக்கோடிட மறக்காதீர்கள்.