தொலைக்காட்சிச் சொற்பொழிவை லயத்து வீட்டில் கேட்பது எப்படி

இலங்கை மலையகத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் டிஷ் ஏறிய நாளிலிருந்து, பிரட்டு என்னும் காலை வேலைப் பிரிப்புக்குப் புறப்படும் முன்னரே ஒரு வீட்டில் பெருமாள் உபந்நியாசமும் அடுத்த வீட்டில் சென்னை ஜெபக் கூட்டமும் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. கேட்பதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பேசுகிறவர் எந்த மண்ணின் வழக்கத்தில் நின்று பேசுகிறார் என்பதை அறியாமல், சொன்ன அனைத்தையும் சமயத்தின் பொதுச் சட்டமாக எடுத்துக்கொண்டால், கோயில் கமிட்டிக்குள் வீண் சச்சரவுதான் மிஞ்சும்.

முதலில் சொற்களைக் கவனியுங்கள். 'செபம்', 'திருப்பலி', 'மறையுரை' என்பவர் கத்தோலிக்கர். 'ஜெபம்', 'கர்த்தர்', 'ஆராதனை' என்பவர் பெரும்பாலும் புரொட்டஸ்தாந்து அல்லது பெந்தெகொஸ்தே வழியினர். சமையலைத் 'தளிகை' என்பவர் வைணவ மரபிலிருந்து வருகிறார் என்பது பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

பேச்சின் பாணியும் ஊரைச் சார்ந்ததே. அமெரிக்காவில் 1952இல் நியூயோர்க்கிலிருந்து பேசிய கத்தோலிக்க ஆயர் ஃபுல்டன் ஷீன், கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துவதுபோல் உரையாற்றினார். ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஓரல் ராபர்ட்ஸோ, கூடாரத்தில் நோயாளிகள்மேல் கை வைத்து வேண்டும் காட்சியை 1955இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். இருவரும் கிறிஸ்தவர்களே. ஆகையால் உரத்த குரலைக் கேட்டு அருள் என்றோ, அமைதியான குரலைக் கேட்டு ஞானம் என்றோ உடனே முடிவு கட்டவேண்டாம்.

அடுத்து, அவர் விதிக்கும் ஒழுங்கு நம் கோயிலைப் பற்றியதுதானா என்று கேளுங்கள். மிகவும் கவனம் வேண்டியது இங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் சைவ அறிஞர் நல்லூர் ஆறுமுக நாவலர் உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தை அளவுகோலாகக் கொண்ட யாழ்ப்பாணச் சைவத்தின் குரல் அது. நம் முன்னோரோ தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் கொண்டுவந்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கும் ரோதை முனி என்று ஒரு காவலரை வைத்துக் கும்பிட்டவர்கள். எங்கள் தோட்டத்தில் ஓர் இளைஞர், தொலைக்காட்சியில் கேட்ட சொற்பொழிவு ஒன்றை நம்பி, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து சாத்திரத்தில் இல்லை, நிறுத்துங்கள் என்று கமிட்டியில் எழுந்து சொன்னார். கூத்துக்குக் கம்பம் ஊன்றும் மாசி மூன்றாம் பிறைக்கு நான்கே நாட்கள் இருந்தன. வயதான பூசாரி கோபப்படவில்லை. "அந்த ஐயா நம்ம கம்பத்தைப் பார்த்திருக்காராப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டும் கம்பம் ஊன்றப்பட்டது, ரதி அழுதாள், மன்மதன் எரிந்தான். பலியிடுதல் கூடாது என்று நீங்களே எண்ணினால் அதைக் கமிட்டியில் உங்கள் கருத்தாகவே வையுங்கள். தொலைக்காட்சியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

காணிக்கை கேட்கும் இடத்தில் இன்னும் நிதானம் தேவை. 1963இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிறிஸ்தவப் போதகர் பாட் ராபர்ட்சனின் தொலைக்காட்சி நிலையம், மாதம் பத்து டொலர் தர 700 பேர் வேண்டும் என்று நேயர்களிடம் கேட்டது. அந்த எண்ணே பின்னர் ஒரு நிகழ்ச்சியின் பெயராயிற்று. நிலையம் நடத்தச் செலவுண்டு என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் கோயில் சந்தாவின் கணக்கை நாம் கமிட்டித் தலைவரிடமே நேரில் கேட்கலாம். திரையின் அடியில் ஓடும் காணிக்கை எண்ணிடம் கேட்க முடியாது. ஆகவே குடும்பத்தில் பேசி முடிவெடுக்காமல், நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பணம் அனுப்பாதீர்கள்.

என் தாயார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அந்த எண் ஓடத் தொடங்கியதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரொட்டி சுடப் போய்விடுவார்; பாட்டு தொடங்கியதும் மாவுக் கையோடு திரும்பி வந்து, முழங்கையால் சத்தத்தைக் கூட்டுவார்.