மாலகா கடற்கரையில் உண்ணவும் உலாவவும்: மலையகத்திலிருந்து செல்வோருக்கு

ஸ்பெயினின் தென்கரையிலுள்ள மாலகா நகருக்கு விடுமுறையில் செல்வோர் அங்குள்ள சாப்பாட்டு நேரத்தை முன்னதாகவே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆறரை மணிக்கு இருட்டி, எட்டு மணிக்குள் இராச் சாப்பாட்டை முடித்துவிடும் நமக்கு, ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும் ஊர் பழகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பகல் உணவு 2 மணிக்கும் இரவு உணவு 9 மணிக்குப் பின்னருமே தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலான சமையலறைகளில் அடுப்பு எரியாது. பண்டாரவளையிலிருந்து சென்ற நாங்கள் முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பசித்த பிள்ளைகளுடன் தெருத்தெருவாக நடந்தும் சமைத்த உணவு கிடைக்கவில்லை. மறுநாள் தொடக்கம் காலையில் சந்தையும் கோட்டையும், பிற்பகலில் நிறைவான சாப்பாடும் உறக்கமும், ஆறு மணிக்குப் பின் கடற்கரையும் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். இந்த ஒழுங்கையே மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

காலையை அத்தாராசானாஸ் சந்தையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அது திறப்பதில்லை. கப்பல் கட்டும் தளத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 14ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அத்தளத்தின் சலவைக்கல் வாயிலை இடிக்காமல், அதைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் இரும்புக் கூரையுடன் சந்தையை எழுப்பியிருக்கிறார்கள். குதிரை லாட வடிவிலான அந்த வளைவின் கீழ் நுழைந்தால், நெத்தலியும் சாளையும் கணவாயும் பனிக்கட்டியின்மேல் பளபளக்கும். பழக்கடைகளில் மாம்பழமும் அவகாடோவும் குவிந்திருப்பதைக் கண்டு நாங்கள் வியந்தோம். நகருக்குக் கிழக்கேயுள்ள அக்ஸார்க்கியா மலைச்சரிவுகள் உறைபனி படாதவை என்பதால் அவை அங்கேயே விளைகின்றன. சந்தைக்குள் இருக்கும் சிறு கடைகளில் நெத்தலிப் பொரியலை நின்றபடியே உண்ணலாம். மாவில் இலேசாகப் புரட்டி ஒலிவ் எண்ணெயில் பொரித்த அந்த நெத்தலியில் மிளகாய் இராது. எலுமிச்சைச் சாறு மட்டுமே இருக்கும். முதல் வாயில் ஏதோ குறைவதாகத் தோன்றினாலும், மூன்றாவது மீனில் மீனின் சொந்தச் சுவை நாவில் தெரியத் தொடங்கும்.

அங்கிருந்து நடை தூரத்திலேயே 11ஆம் நூற்றாண்டு அல்கசாபா கோட்டையும், அதன் அடிவாரத்தில் 1951இல் வெளிப்பட்ட உரோமானிய அரங்கும் இருக்கின்றன. 1881இல் பிக்காசோ பிறந்த வீடும் அருகிலேயே உள்ளது. கோட்டைக்கு வெயில் ஏறுமுன் சென்றுவிடுவது நல்லது.

மாலகாவின் உணவில் நான் முதலிடம் கொடுப்பது எஸ்பெத்தோவுக்குத்தான். ஆறு சாளைகளை ஒரு நாணல் குச்சியில் கோத்து, கல்லுப்பைத் தூவி, மணல் நிரப்பிய பழைய மீன்பிடிப் படகுக்குள் மூட்டிய விறகுத் தீயின் ஓரத்தில் குச்சியைச் சாய்த்து நட்டு வாட்டுவார்கள். காற்று வீசும் திசையைப் பார்த்துப் புகை படாத பக்கத்தில் குச்சியை நடுவதில்தான் அந்த வேலையின் கைத்திறன் இருக்கிறது. மாயோ, ஹூனியோ, ஹூலியோ, அகோஸ்தோ என்று பெயரில் 'ர' ஒலி வராத மே முதல் ஆகஸ்டு வரையான மாதங்களில்தான் சாளை கொழுத்திருக்கும் என்பது அவ்வூர் மக்களின் கணக்கு. 1885இல், முந்திய ஆண்டு டிசம்பரில் நேர்ந்த நிலநடுக்கத்தின் சேதத்தைப் பார்வையிட வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ முள்ளுக்கரண்டியை எடுத்தபோது, சாளை வாட்டியவர் "அப்படியன்று, விரலால் உண்ணுங்கள்" என்று திருத்தியதாக ஒரு கதை வழங்குகிறது. கையால் உண்டு வளர்ந்த நமக்கு அந்தத் திருத்தம் தேவைப்படாது. நகரின் நடுவிலுள்ள கடற்கரையை விட்டுக் கிழக்கே பழைய மீனவர் குடியிருப்புகளான பெத்ரெகலேஹோவுக்கும் எல் பாலோவுக்கும் பேருந்தில் செல்லுங்கள். அங்கே கரையோரக் கடைகளில் அவ்வூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒரே மேசையில் அமர்ந்திருக்கும். அத்தகைய மேசைகள் நிறைந்த கடையே உங்களுக்கும் உரியது. பெரிய மீனை எடையிட்டு விலை சொல்வதால், அடுப்பில் வைக்குமுன் மொத்த விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேளாமல் வரும் பாணுக்கும் பட்டியலில் விலை சேரலாம்.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும், பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோனும் சூரை மீனும் அக்கணக்கில் சேராதென்று எண்ணும் பரிமாறுவோர் உண்டு. ஆகவே 'சின் ஹமோன், சின் அத்தூன்' என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே விலக்குங்கள். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் 'தெர்னேரா', 'வாக்கா' ஆகிய இரு சொற்களையும் நினைவில் வைத்திருக்கட்டும். இவற்றுக்கு அப்பால் நல்ல மரக்கறி உணவுகள் அங்கே உள்ளன. பாதாம், பூண்டு, பாண், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்து, திராட்சைப் பழம் மிதக்கக் கொடுக்கும் அஹோபிளாங்கோ வெயில் நேரத்துக்கு மிக ஏற்றது. கத்தரிக்காயை மெல்லியதாக வெட்டிப் பொரித்து, 'மியெல் தே கான்யா' எனும் கரும்புப் பாணியை அதன்மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். கித்துள் பாணியில் வளர்ந்த நாவுக்கு அது அந்நியமாகவே இராது. வார நாட்களின் பகலில் 'மெனு தெல் தியா' என்று கேட்டால் இரண்டு கறிவகை, பாண், பானம், இனிப்பு அல்லது கோப்பி எல்லாம் ஒரே விலையில் அடங்கும். தேநீர் என்று கேட்டால் பெரும்பாலும் சுடுநீரும் ஒரு தேயிலைப் பொட்டலமும் வரும். ஆதலால் நல்ல தூளை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

கடலில் இறங்குமுன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஜிப்ரால்டர் நீரிணை வழியே அத்திலாந்திக் நீர் உள்ளே வருவதால், கோடையிலும் அங்கே கடல் திருகோணமலையைப் போல இளஞ்சூடாக இராது. மலையைத் தாண்டி இறங்கி வரும் 'தெரால்' காற்று வீசும் நாளில் நகரம் அடுப்பைப் போலக் காயும். ஊவாவில் கச்சான் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் காரணமும் தெரியும்: மலையிலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது. அத்தகைய நாளில் பகல் முழுவதும் நிழலிலேயே இருங்கள்.

இரண்டு நாட்கள் மிஞ்சினால் மலைப்பக்கம் செல்லுங்கள். புகையிரதத்தில் எல் சோரோவுக்குச் சென்று காமினித்தோ தெல் ரே எனும் பாதையில் நடக்கலாம். நீர்மின் நிலையத்து வேலையாட்களுக்காக 1901 முதல் 1905 வரை செங்குத்துப் பாறையில் பதித்த பாதை அது. 1921இல் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நடந்ததால் 'அரசரின் சிறுபாதை' எனப் பெயர் பெற்றது. புதிய பலகைத் தளத்துடன் 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்து பாதையும் தண்டவாளமும் அமைத்தவர்களின் வழித்தோன்றல்களாகிய எங்களால், அந்தப் பழைய பாதையின் எச்சங்களைப் பலகைத் தளத்துக்குக் கீழே பார்த்தபோது பேச முடியவில்லை. நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

சிறு பிள்ளைகளுடன் செல்வோர் அதற்குப் பதிலாகப் பேருந்தில் நேர்ஹாவுக்குச் சென்று, 1959இல் ஐந்து சிறுவர்கள் கண்டறிந்த குகைகளைப் பார்த்துவிட்டு, மேலேயுள்ள ஃப்ரிஹிலியானா என்னும் வெள்ளைச் சுவர்க் கிராமத்துக்கு ஏறலாம். கரும்புப் பாணி காய்ச்சும் ஆலை இன்றும் அங்கேதான் இருக்கிறது. போத்தல்களை வாங்கினால் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.