போன் படங்களைச் சின்ன டேஜாவூ கோப்பாக்கிய விதம்

பழைய கும்பாபிஷேக மலர், ஏ4 அளவு, போனில் எடுத்த படங்கள். இவற்றை டேஜாவூ (DjVu) ஆக்கினேன், ஸ்கேன் பக்கங்களைச் சிறிதாகச் சுருக்கி வைக்கும் கோப்பு வடிவம் அது. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தின் மேல்விளக்கில் கை நிழல் விழுகிறது. தாழ்வாரத்துப் பகல் வெளிச்சமே மேல்.

பக்கப் படங்களைச் சீராக்கும் ஸ்கேன் டெய்லர் என்ற செயலியில் ஏற்றியதும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) கேட்கும். படத்தில் பதிந்திருக்கும் 72-ஐ நம்பாமல் 300 கொடுத்தேன். வெளியீடு 600, கறுப்பு வெள்ளை. தமிழுக்குச் சோதனை இங்கேதான்: எழுத்தின் மேலுள்ள புள்ளியைத் தூசியென்று நினைத்து அழித்துவிடும், ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். தூசி நீக்கத்தை அணைத்து, எழுத்துத் தடிமனைக் கொஞ்சம் கூட்டினால் புள்ளி நிற்கும்.

பிறகு டேஜாவூலிப்ரே என்ற டேஜாவூ கருவித் தொகுப்பின் சிஜேபி2, கறுப்பு வெள்ளைப் பக்கத்தைச் சுருக்கும் கட்டளை. அதற்கும் 600 என்று சொல்லுங்கள். விட்டால் 300 என்று எடுத்துக்கொண்டு பக்கத்தை இருமடங்கு பெரிதாகக் காட்டும். ‘லாஸி’ (தரம் இழந்து சுருக்கும் தேர்வு) வேண்டவே வேண்டாம், ஒத்த எழுத்துகளை ஒன்றாக்கிவிடும். வண்ண அட்டைக்கு மட்டும் வண்ணப் படங்களைச் சுருக்கும் சி44 கட்டளை. எல்லாவற்றையும் டிஜேவிஎம் என்ற கட்டளை ஒரே கோப்பாகக் கட்டிவிடும்.