மருத்துவமனையில் சைகை மொழிபெயர்ப்பு: புதிதாகப் பணிக்கு வருவோர் அறிய வேண்டியவை

காது கேளாத நோயாளியுடன் முதன்முறையாக மருத்துவரின் அறைக்குள் நுழையும் மொழிபெயர்ப்பாளர், சைகைகளை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும், நம் மருத்துவமனைகளில் புழங்கும் தமிழை அறியாவிட்டால் தடுமாறிப் போவார். "சர்க்கரை இருக்கிறதா?", "உப்பு ஏறியிருக்கிறது" என்ற சொற்களுக்குச் சமையலறைச் சர்க்கரையையும் உப்பையும் காட்டினால், நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் நோயாளியின் மனத்தில் தோன்றவே மாட்டா. "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?" என்று செவிலியர் கேட்பது மாதவிடாய் நாளை, "முழுகாமல் இருக்கிறீர்களா?" என்பது கருவுற்றிருப்பதை. பரிசோதனை முடிவு "பாசிட்டிவ்" என்றால் நல்ல செய்தி என்று மகிழ்ந்துவிடுவோரும் உண்டு. ஆகவே சொல்லை விட்டுப் பொருளைப் பிடியுங்கள். பொருள் விளங்காதபோது மருத்துவரிடமே கேளுங்கள். அவரிடம் என்ன கேட்டீர்கள் என்பதை உடனே நோயாளிக்கும் சைகையில் தெரிவியுங்கள்.

புதுதில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. அதிலுள்ள மருத்துவச் சொற்களை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். எனினும் பல நோய்களுக்குத் தனிச் சைகை கிடையாது. ஊருக்கு ஊர் சைகை மாறுவதும் உண்டு. அத்தகைய இடங்களில், உறுப்பு இருக்கும் இடம், அது செய்யும் வேலை, இப்போது அதில் நேர்ந்திருக்கும் கோளாறு என்ற வரிசையில் காட்டினால் பெரும்பாலும் விளங்கிவிடும். நோயாளி அதற்கு ஒரு சைகையைத் தாமே காட்டினால், அன்று முழுவதும் அதையே கையாளுங்கள்.

குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே சென்று நோயாளியுடன் உரையாடுங்கள். அவர் எந்தக் கையால் சைகை செய்கிறார், எழுத்துத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அப்போதே புலப்படும். அறைக்குள் மருத்துவருக்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நின்றால், நோயாளி உங்கள் கைகளையும் மருத்துவரின் முகத்தையும் ஒரே பார்வையில் காண முடியும். சன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னிருந்து வரும் வெளிச்சம் முகத்தை மறைத்துவிடும். "அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்" என்று மருத்துவர் உங்களிடம் சொன்னால், நோயாளியைப் பார்த்து நேரடியாகப் பேசுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்று காட்டும்போது நீங்களும் "எனக்கு வலிக்கிறது" என்றே குரல் கொடுக்க வேண்டும்.

எழுதிக் காட்டினால் போதாதா, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று மருத்துவமனையில் கேட்பார்கள். சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி என்பதை விளக்குங்கள். 'மருந்து', 'பருந்து' இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே அசைகிறது என்பதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது. முகக்கவசம் அணிந்துவிட்டால் அந்த அசைவும் தெரியாது.

நோயாளியின் கைகளே அவருடைய குரல். டிரிப்ஸ் ஏற்றும் ஊசியை அவர் சைகைக்கு அதிகம் பயன்படுத்தும் கையில் குத்தினால், வலிக்கிறது என்று சொல்லும் வழியையே அடைத்துவிடுகிறோம். மறு கையில் போடுமாறு முன்பே கேளுங்கள். எக்ஸ்ரே அறையில் "மூச்சை அடக்குங்கள்" என்ற குரல் சுவருக்கு அப்பாலிருந்து வரும் என்பதால், அதற்கு ஒரு விளக்கையோ கையசைவையோ முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பார்வை மங்கி நம் சைகை தெரியாமல் போகும். விளக்க வேண்டியதை விட்ட பின் அல்ல, விடுவதற்கு முன்பே விளக்கிவிடுங்கள். அறுவை அரங்கில் மூக்குக் கண்ணாடியைக் கடைசியாகக் கழற்றி, மயக்கம் தெளிந்ததும் முதலில் அணிவிக்கச் சொல்லுங்கள். காணொளி அழைப்பு வழியான மொழிபெயர்ப்பு அவசரத்துக்கு உதவும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் பார்வை மங்கியிருப்பவருக்கும் அது போதாது.

குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. காது கேளாத தாயின் மகளாகிய நான், பத்து வயதில், அம்மாவின் கருப்பையை எடுக்க வேண்டும் என்பதை என் கைகளால் அவருக்குச் சொன்னேன். 'கருப்பை' என்பதற்குச் சைகை தெரியாமல் 'வயிறு' என்று காட்டினேன். வயிற்றையே எடுத்துவிடுவார்கள் என்று எண்ணி அம்மா இரவெல்லாம் அழுதார். பிள்ளைகள் அறியாமையால் தவறு செய்வார்கள், கணவர் மனைவியின் பதிலைத் தாமே சொல்வார், மாமியார் கெட்ட செய்தியை மறைப்பார். உறவினர் உடனிருந்து ஆறுதல் சொல்லட்டும். மொழிபெயர்ப்பை நீங்கள் செய்யுங்கள். மருத்துவமனை தயங்கினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தகவல் தொடர்புக் குறைபாட்டையும் தடை என்றே கொள்கிறது என்பதையும், அரசு மருத்துவமனைகளைப் போலவே தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற அணுகல் இருக்க வேண்டும் என்று கூறுகிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கும் நேரத்தில் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளமன்று. பலர் மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை நோயாளியையே சைகையில் திரும்பச் சொல்லச் செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆலோசனைக்கு இருவர் மாறி மாறிப் பணிபுரிவது நல்லது. களைத்த கைகள் பொருளைச் சிதைக்கும். அறையில் அறிந்ததை வெளியில் யாரிடமும், உறவினரிடமும்கூட, பேசக் கூடாது.

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டிலுள்ள 1-0-1 என்பதை அப்படியே விட்டுவிடாமல், மாத்திரைப் பட்டைகளை மேசையில் வரிசையாக வைத்து, காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அடுத்த வருகையின் தேதியையும் அன்று உடன் வரப்போகும் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதையும் அங்கேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி நோயாளியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.