ரேஸில் கத்தும், கட்டையில் படுக்கும்: செயின்சாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம் பக்கம் எங்கள் பட்டறைக்கு, மரம் அறுக்கும் செயின்சா மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலர் சொல்வது ஒரே புகார்தான். "அண்ணா, சும்மா ரேஸ் கொடுத்தா நல்லா கத்துது. கட்டையில வெச்சா இழுக்க மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் ஸ்க்ரூவில் முதலில் கை வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எல், எச் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். எல் என்பது ஸ்லோவில் போகும் பெட்ரோலுக்கானது, எச் என்பது முழு ரேஸில் போகும் பெட்ரோலுக்கானது. ஒழுங்காக டியூன் செய்த மெஷின், கட்டையைத் தொடாமல் முழு ரேஸ் கொடுத்தால் லேசாகக் கரகரக்கும். வெட்டில் இறங்கியதும் கரகரப்பு போய்ச் சத்தம் தெளிந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதைக் கோளாறு என்று நினைத்து எச்சை வலப்பக்கம் திருகினால் சத்தம் விசில் போல ஆகும். காதுக்கு நன்றாக இருக்கும், பிஸ்டனுக்கு எமன். இன்ஜினுக்கு வழவழப்பு தரும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைகிறது.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த மெஷினுக்கு இப்படித்தான் ஆனது. ஏர் பில்டரில் தூள் அப்பி, காற்று போகாமல் மெஷின் திணறியிருக்கிறது. அவர் எச்சைத் திருகினார், சரியானது போல் இருந்தது. சாயங்காலம் அவர் மகன் பில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போட்டுவிட்டான். இப்போது காற்று தாராளம், பெட்ரோல் குறைவு. மறுநாள் மூன்றாவது கட்டையிலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறோம், அந்த வெயிலும் தன் பங்கைச் செய்திருக்கும். பில்டரை முதலிலேயே கழுவியிருந்தால் செலவே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? காதில். கட்டையில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் குறையாமல் செயின் மட்டும் நின்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் போய்விட்டது. கார்பரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜினும் சேர்ந்து முனகி இறங்கினால்தான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும்.

அதிலும் முதலில் செயின். ரோட்டோரப் புளியமரத்தில் எத்தனை போர்டு அடித்திருப்பார்கள்! போர்டு போய்விடும், ஆணி மரத்துக்குள்ளேயே இருக்கும். மேலே பட்டை மூடிவிடும். ஒரு ஆணி பட்டால் போதும், ஒரு பக்கத்துப் பல் மழுங்கிவிடும். பாலாற்றங்கரையில் கட்டையை மணலில் போட்டு அறுத்தாலும் இதே கதிதான். கீழே கொட்டுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். அவல் போலச் சீவலாக இருந்தால் பல் கூர்மை. கோலமாவு போலத் தூளாக இருந்தால் மெஷினில் குறையில்லை, செயின் பல்லை அரத்தால் ராவ வேண்டும். (நன்றாகக் காய்ந்த சீமைக்கருவேலம் எப்படியும் கொஞ்சம் தூளாகத்தான் விழும், அதை வைத்து ஏமாற வேண்டாம்.) மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்துவிட்டு இழுவை இல்லை என்பவர்கள்தான் அதிகம். ராவும்போது இன்னொரு தவறும் நடக்கும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு பெரும்பாலான செயின்களில் பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதை அதிகமாக ராவிவிட்டால் பல் ஒரேயடியாகக் கவ்வி இன்ஜினை நிறுத்திவிடும்.

செயினைக் கம்பி போல முறுக்கிக் கட்டாதீர்கள். கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள கசடு ஆயில் துளையை அடைக்கும், பார் சூடேறும், அந்த உரசலும் இழுவையைத் தின்னும். செயினைத் தொடும் முன் மெஷினை நிறுத்திப் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் பெட்ரோல். ஸ்லோவில் ஓடும் இன்ஜினுக்குச் சில சொட்டு போதும், கட்டையில் இறங்கினால்தான் முழுப் பசி எடுக்கும். அதனால்தான் டேங்குக்குள் இருக்கும் குட்டி பில்டர் பாதி அடைத்திருந்தாலும் சும்மா ஓட்டும்போது தெரிவதில்லை. வளைத்த கம்பியால் அதை வெளியே இழுத்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள். பத்து நிமிடம் ஓடி இழுவை குறைகிறதா? மெஷினை நிறுத்தி, டேங்க் மூடியைத் தளர்த்தி மறுபடி மூடிவிட்டு ஓட்டுங்கள். உடனே உயிர் வந்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. போன சீசனில் மிச்சமான பெட்ரோலையும் ஊற்றாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பெட்ரோலில் 2டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுவதும் வழக்கமாகிவிட்டது. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25க்கு 1 என்றால் 40 மி.லி. எது என்பது மெஷின் புத்தகத்திலும் ஆயில் பாட்டிலிலும் இருக்கும். "எதுக்கும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றினால் அது கரியாகி, சைலன்சர் வாயில் தபால்தலை அளவுக்கு இருக்கும் வலையில் அப்பிக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாத இன்ஜின் எப்படி இழுக்கும்? வலையைக் கழற்றிப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கோடுகள் இருந்தால் ஸ்க்ரூவால் ஆவது ஒன்றுமில்லை, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த சிலிண்டர் கிட்டை மாற்ற வேண்டியதுதான். புது கிட் போடும் முன் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வழியே காற்று புகுந்தால் புது பிஸ்டனிலும் அதே கோடு விழும்.