பத்தமடைப் பாயைக் கப்பலேற்றுகிறவர்களுக்கு

தூத்துக்குடியில் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம், போட்டுப் பிழைக்கிறவன் நான். வீடு பாளையங்கோட்டையில். ஊர்ப்பக்கம் யார் ஏற்றுமதி ஆரம்பித்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ஏத்துமதி பண்ணா கவர்மென்ட்டு என்னமோ தருதாம்லா, அதை எப்படி வாங்குறது?"

தருகிறது. 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் விவரம் இருக்கிறது. முன்பெல்லாம் ஐந்தாண்டுக்கு ஒரு கொள்கை. இதற்கு முடிவுத் தேதியே கிடையாது, அவ்வப்போது திருத்துகிறார்கள். 2030-க்குள் 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதி என்று டெல்லி குறி வைத்திருக்கிறது. அரசு தருவதில் உங்கள் பங்கு வருவதும் வராததும் ஷிப்பிங் பில்லின் நாலைந்து கட்டங்களில் இருக்கிறது. சரக்கு லாரியேறும் முன்பே அதையெல்லாம் முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் ஐஇசி, ஏற்றுமதி-இறக்குமதி செய்ய வேண்டிய அடையாள எண். உங்கள் பான் நம்பர்தான் அதற்கும் நம்பர். வெளிநாட்டு வர்த்தகத்தைப் பார்க்கும் அரசு அலுவலகமான டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய் கட்டினால் வந்துவிடும். ஆனால் வருஷாவருஷம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் தளத்துக்குள் போய், விவரம் மாறாவிட்டாலும் உறுதி செய்ய வேண்டும். விட்டால் முடக்கிவிடுவார்கள், கன்டெய்னர் யார்டில் நிற்கும்போதுதான் அது பலருக்குத் தெரியவருகிறது. ஜிஎஸ்டியில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதமும் அப்படித்தான், நிதியாண்டுக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டும். அது இருந்தால் வரி கட்டாமலே அனுப்பலாம். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்ணான ஏடி கோடுக்கு வங்கியில் கடிதம் வாங்கி, சுங்கத்துறைத் தளமான ஐஸ்கேட்டில் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது எச்எஸ் கோடு, சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். இதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் தகும். கோரைப் பாய் 4601-ல் வரும். அதே பாயை வெட்டித் தைத்துக் கைப்பை ஆக்கினால் 4602. பை என்றதும் தோல் பை, பயணப் பை வருகிற 4202-ல் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. முடைந்த பொருள் அதில் சேராது என்று 42-ஆம் அத்தியாயக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. கோடு மாறினால் இங்கே திரும்ப வரும் தொகை மாறும், வாங்குகிறவர் நாட்டு வரியும் மாறும். சுங்க ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நானே ஏஜென்ட் ஆபீஸ்காரன், சொல்கிறேன்: எங்களுக்குச் சரக்கு கண்ணில் படுவதே அபூர்வம், இன்வாய்ஸில் இருப்பதைத்தான் ஏற்றுவோம்.

பத்தமடை வியாபாரி ஒருவர் பட்டுப்பாய் சாம்பிள் கொண்டுவந்தார். கோரையை நூல் கனத்துக்குக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்தது. கைக்குள் துணி மாதிரி சுருண்டது. இன்வாய்ஸைப் பார்த்தால் "ஹேண்ட்லூம் ஐட்டம்" என்று இரண்டே வார்த்தை. அதைப் பார்க்கிற அதிகாரி இது துணியா, புல்லா என்று கேட்காமல் விடுவாரா? கோரைப் புல்லில் கையால் நெய்த பாய், பருத்திப் பாவு, நீள அகலம், எண்ணிக்கை, எடை என்று எழுத வைத்தேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இனி பணம். 2021 ஜனவரி 1 முதல் ஆர்ஓடிடிஇபி என்ற திட்டம் இருக்கிறது. இதை மானியம் என்று பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. லாரி டீசல் வரி, மின்சார வரி என்று ஜிஎஸ்டியில் கழியாமல் சரக்கோடு ஒட்டிக்கொண்டு போகிறதே, அதைத்தான் திருப்பித் தருகிறார்கள். எட்டு இலக்கக் கோடுக்கு என்ன விகிதம் என்று அட்டவணையில் பாருங்கள், சின்னத் தொகைதான். ஷிப்பிங் பில்லில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இந்தச் சலுகை வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கப்பலும் கிளம்பிவிட்டால் பிறகு அலைச்சல்தான். ஷிப்பிங் பில் போடும் முன் சரிபார்க்கச் சொல்லி ஏஜென்ட் அனுப்பும் செக்லிஸ்ட் வாட்ஸ்அப்பில் வரும்போது "ஓகே" போடும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். தொகை ரொக்கமாக வராது, ஐஸ்கேட் கணக்கில் மின்-ஸ்கிரிப்பாக, அதாவது மின்னணு வரவுச் சீட்டாக, ஏறும். சுங்க வரி கட்ட அது உதவும். இறக்குமதி செய்யாதவர் இறக்குமதிக்காரருக்குச் சற்றுக் குறைத்து விற்றுவிடலாம்.

துபாய்க்கு அனுப்புகிறவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று, சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின், சரக்கு இந்தியாவில் உண்டானது என்று காட்டும் சான்றிதழ். அமீரகத்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. இலங்கையோடு 2000 மார்ச் முதலே. உங்கள் கோடு அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருந்து, இந்தச் சான்றிதழும் போனால், அங்கே வாங்குகிறவருக்கு வரி குறையும். லாபம் அவருக்கு என்பதால் நம்மவர்கள் அக்கறைப்படுவதில்லை. விலை பேசும்போதே சொல்லுங்கள்: "வரி உங்களுக்கு இவ்வளவு மிச்சம், அதில் பாதி என் விலையில் வரட்டும்." தாமிரபரணிக் கரைக் கோரை, உள்ளூர் நூல், உள்ளூர் நெசவு, பிறப்பிடத்தை நிரூபிக்கத் திணற வேண்டியதில்லை.

வரியில்லாமல் மெஷின் இறக்கலாம் என்று ஈபிசிஜி திட்டம் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். மிச்சமான வரியைப் போல ஆறு மடங்குக்கு ஆறு வருஷத்தில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். கைநெசவுக்காரருக்கு அது வேண்டாத வேலை.

பத்து, இருபது பாய்தான் என்றால் கன்டெய்னர் பேச்சே வேண்டாம். தபால் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாக ஆன்லைனில் பில் போட்டு அனுப்பலாம். பக்கத்தில் எந்தத் தபாலகத்தில் அந்த வசதி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோரை ஈரம் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டிய பேல் பெட்டிக்குள் வியர்த்துப் பூசணம் பிடித்தால் எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டுங்கள். மரப் பாலெட் வைத்தால் மரத்தில் பூச்சி போகப் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தாவரச் சுகாதாரச் சான்று வேண்டுமா என்று வாங்குகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வந்து சேராவிட்டால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். ஆகவே புது ஆளிடம் அட்வான்ஸ் வாங்காமல் சரக்கை விடாதீர்கள். சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்றால் அவருக்கும் சேர்த்து, வாங்கியவர் பணம் தராவிட்டால் கைகொடுக்கும் இசிஜிசி இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள்.