வெளிநாட்டு ரயில் பொம்மைக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்?

பிளக் பொருந்துகிறதே என்று வெளிநாட்டு மாதிரி ரயிலை நேரடியாகச் சுவரில் செருகிவிடாதீர்கள். பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100. அந்நாட்டு ரயிலுடன் வரும் டிரான்ஸ்ஃபார்மரை நம் வீட்டு 230 வோல்ட்டில் இணைத்தால் கருகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் அடிப்பக்க லேபிளைப் பாருங்கள். இன்புட் உங்கள் வீட்டு மின்சாரத்துடன் ஒத்துப்போக வேண்டும். அதைவிட முக்கியமானது அவுட்புட். எண்ணின் அருகே அலைபோன்ற கோடு இருந்தால் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். நேர்கோடும் அதன்கீழ் புள்ளிக்கோடும் இருந்தால் டிசி, அதாவது நேர்திசை மின்சாரம். சாதாரண இரு தண்டவாள ரயில்கள் பெரும்பாலும் 12 வோல்ட் டிசியில் ஓடும். ஜெர்மன் நிறுவனமான மெர்க்லினின் பழைய ஹெச்ஓ அளவு ரயில்களோ 16 வோல்ட் ஏசி கேட்கும். டிசி எஞ்சினுக்கு ஏசி கொடுத்தால் நகராமல் உறுமும். சற்று நேரத்தில் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். மெர்க்லினின் மிகச் சிறிய இசட் அளவு எஞ்சின்களுக்கு 10 வோல்ட் டிசிதான் உச்சம். ஆகவே ரயிலின் அளவு தெரியாமல், தண்டவாளத்துக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றவே கூடாது.

ஆம்பியர், அதாவது தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவு, குறைவாக இருந்தால் இரண்டு எஞ்சின்கள் ஓடும்போது திணறும். தேவைக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது.

வோல்டேஜைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வாங்கலாம்தான். ஆனால் அது மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) பொதுவாக மாற்றாது; 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். உள்ளூர் மின்சாரத்துக்கேற்ற, அதே அவுட்புட் தரும் புதிய கன்ட்ரோலரையே நான் பரிந்துரைப்பேன். எஞ்சின்களுக்குத் தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் செட் என்றால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட மின்வழங்கியைத் தவிர வேறெதையும் இணைக்க வேண்டாம்.